நடு உறுப்பின் நாணயம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் சாலைகள் நேர்க்கோடாக வெட்டிப் பிரித்த குடியிருப்புக்கு 'வட்டம்' என்று பெயர். அப்படியொரு வட்டத்தில், குவார்ட்டர்ஸ் வராந்தாவில் நான் டியூஷன் எடுக்கிறேன். காரணிப்படுத்தல் தொடங்கும் அன்று கரும்பலகையில் எப்போதும் ஒரே கோவைதான்: 4யா² + 13யா + 9. (எக்ஸ் போட மாட்டேன். தெரியாத எண்ணை 'யாவத்-தாவத்' என்று சொல்லி, சுருக்கமாக 'யா' என்று எழுதினார்கள் நம் பழைய பீஜகணிதக்காரர்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.)

பாதிப் பேர் உடனே "முழு வர்க்கம் சார்!" என்பார்கள். ஒரு ஓரத்தில் 2யாவின் வர்க்கம், மறு ஓரத்தில் 3இன் வர்க்கம். அதற்குமேல் யார் பார்க்கிறார்கள்? நடுவில் இருக்கவேண்டியது 2 × 2யா × 3, அதாவது 12யா. ஒரேயொரு யா கூடிப்போனதில் (4யா + 9)(யா + 1) என்று ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு காரணிகள் வந்து நிற்கின்றன.

13ஐ அழித்து 12 போட்டுவிட்டு, தரையில் சாக்பீஸால் வரைவேன். பெரிய சதுரம் 4யா². எதிர் மூலையில் சின்னச் சதுரம் 9. மிச்ச இடத்தில் 6யா பரப்பில் இரண்டு பட்டைகள். பக்கம் 2யா + 3. கடைசிப் பட்டை இண்டு இடுக்கில்லாமல் உட்காரும்போது, எத்தனையாவது தடவையானாலும், எழுந்து நின்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

12யா² + 36யா + 27 வேறு ரகம். 12உம் வர்க்கமில்லை, 27உம் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். சுரங்கத்துக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம்: முதலில் மேல்மண்ணைத் தள்ளு. 3ஐ வெளியே எடுத்தால் உள்ளே அதே (2யா + 3)².

இருக்கும் வர்க்கத்தை அடையாளம் காண்பதைவிட, இல்லாத இடத்தில் அதை உண்டாக்குவது இன்னும் ருசி. அதில் அந்தப் பழைய பீஜகணிதக்காரர்களில் ஒருவரான ஸ்ரீதரர் கெட்டிக்காரர். அவருடைய பீஜகணித நூல் கிடைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எடுத்துச் சொன்னதால் வழி மட்டும் தப்பியது. 3யா² + 5யா = 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வழியில் 3ஆல் வகுத்து, 5/6, 25/36 என்று பின்னச் சேற்றில் இறங்கவேண்டும். ஸ்ரீதரர் வகுக்கவில்லை, பெருக்கினார். முதல் கெழுவின் நான்கு மடங்கால், இங்கே 12ஆல். 36யா² + 60யா = 24. இருபுறமும் 5இன் வர்க்கத்தைக் கூட்டினால் இடப்பக்கம் (6யா + 5)², வலப்பக்கம் 49. ஆக 6யா + 5 = 7; யா = 1/3. பின்னம் கடைசி வரியில்தான் தலை காட்டுகிறது.

ஒருநாள் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "சார், மைனஸ் ஏழு?" என்றாள். கோட்டை அழித்துவிட்டு, யா = −2 என்றும் எழுதினேன்.