முதுகு மட்டும் போதுமா?

சென்ற பருவத்தில் ஒரு மதியம், காட்சித் தொடர்பியல் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் தமிழ்த் துறைக்கு வந்தார்கள். 20 நிமிடக் குறும்படம், த்ரில்லர். வசனத்தைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்றார்கள். இயக்குபவனும் எழுதியவனும் மாணவர்கள். ஒளிப்பதிவு செய்பவள் மாணவி. தாள்களை வாங்கி முதல் காட்சியைப் படித்தேன். அதில் வசனமே இல்லை.

இரவு. ஆளில்லாத தெரு. ஒரு பெண் நடக்கிறாள். கேமரா அவளைப் பின்தொடர்கிறது. அவள் வேகம் கூட்டுகிறாள். செருப்பு அறுந்துபோகிறது. திரும்பப் போகும் நொடியில் திரை இருள்கிறது. அலறல். படத்தின் பெயர்.

"இந்தப் பெண் யார்?" என்று கேட்டேன்.

"அவ சும்மா ஓப்பனிங்குக்குத்தான் மேம். அடுத்த சீன்ல போலீஸ் வந்துடும்."

"யார் நடிக்கிறாங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாண்டுப் பையன் ஒருவனுக்குச் சுடிதார் போட்டுவிடப் போகிறார்களாம். பெண்கள் விடுதியின் கதவு மாலை 6.30 மணிக்கு மூடப்படும். வீட்டிலிருந்து வரும் மாணவிகளுக்கு இரவுப் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. "முதுகுதானே மேம் தெரியப்போகுது? கத்தறத மட்டும் அப்புறம் ஒரு பொண்ண வெச்சு ரெக்கார்ட் பண்ணிக்கலாம்." அந்தக் காட்சியை ஒளிப்பதிவு மாணவியும் எடுக்கப்போவதில்லை. அவளும் விடுதியில்தான் இருக்கிறாள். எழுதியவனே எடுப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் மரணத்தை ஒரு பெண்கூட இல்லாமல் எடுத்துவிடலாம் என்று அந்தப் பையன்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அவர்கள் மோசமானவர்கள் அல்ல. தாங்கள் பார்த்து வளர்ந்த படங்களிடமிருந்து ஒழுங்காகப் பாடம் கற்ற மாணவர்கள். அந்தப் பாடம் இதுதான்: தொடக்கக் காட்சியில் சாகும் பெண்ணுக்கு முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், முதுகும் குரல்வளையும் போதும்.

முன்மாதிரியாக அவர்கள் குறித்திருந்த படம் 2018இல் வந்த 'ராட்சசன்'. ஒரு பள்ளி மாணவியின் உடல் கண்டெடுக்கப்படுவதில் தொடங்கும் படம். நான் அவர்களுக்கு 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை நினைவூட்டினேன். அதுவும் ஒரு மரணத்தில்தான் தொடங்குகிறது. துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் சாகிறான். ஆனால் அதன்பின் பாட்டே இல்லாத அந்தப் படம் முழுவதும் ராஜனைப் பற்றியதுதான். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவரும் அவனைச் சொல்லிச் சொல்லி உயிர்ப்பிக்கிறார்கள். முதல் காட்சியில் செத்தவனுக்குச் சிவாஜி கணேசனின் முகமும், ஒரு தொழிலும், லட்சியமும், துரோகமும் கிடைக்கின்றன. முதல் காட்சியில் செத்துப்போகும் பெண்ணுக்கு நம் த்ரில்லர்களில் பெரும்பாலும் கிடைப்பது பிணவறையில் ஒரு எண். அவள் மரணம் வேறொருவனின் கதைக்கான கதவு. திறந்தபின் யாரும் கதவைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அப்போ பொண்ணுங்க கொலையாகறதையே காட்டக் கூடாதா மேம்?" என்றான் இயக்குபவன். நியாயமான கேள்வி. நடப்பதைக் காட்டாதே என்று நான் சொல்லவில்லை. காட்டும்போது கேமரா எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. உங்கள் காட்சியில் அது கொலைகாரனின் கண்ணில் நிற்கிறது. பார்வையாளரும் அவனுடைய கால்களால் நடக்கிறார்.

இதற்கு உலகறிந்த உதாரணம் 1978இல் ஜான் கார்பெண்டர் இயக்கிய 'ஹாலோவீன்'. அதன் தொடக்கத்தில் நாம் ஒரு முகமூடியின் இரண்டு கண்துளைகள் வழியாக ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். கத்தி இறங்குவதையும் அங்கிருந்தே பார்க்கிறோம். முகமூடி கழற்றப்படும்போதுதான் கொன்றது அவளுடைய ஆறு வயதுத் தம்பி என்று தெரிகிறது. அந்தக் காட்சியில் கத்தியைப் பிடித்திருக்கும் கை, படத்தின் இணை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான டெப்ரா ஹில்லின் கை. அங்கே கொலைகாரனின் கை ஒரு பெண்ணுடையது. இங்கே கொல்லப்படுபவளின் முதுகு ஒரு பையனுடையது. பார்வை அப்படியே இருக்கிறது. கேமராவை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் நமக்கு இது ஒரு எச்சரிக்கை. யார் எடுக்கிறார்கள் என்பது முக்கியம்தான், ஆனால் அது மட்டும் போதாது. இரவைப் பற்றிய அறிவு காட்சிக்குள் யாரிடம் இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு அகநானூற்றின் 122ஆம் பாடலுக்குப் போனேன். பரணர் பாடியது, இரவுக்குறிப் பாடல். காதலனைச் சந்திக்கக் காத்திருக்கும் தலைவி தடைகளை அடுக்குகிறாள். ஊர் தூங்குவதில்லை. கடைத்தெரு தூங்கினால் தாய் தூங்குவதில்லை. தாய் தூங்கினால் காவலர் சுற்றுகிறார்கள். காவலர் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலவு பகல் போல எரிக்கிறது. நிலவு மறைந்தால் கூகை அலறுகிறது. கூகை அடங்கினால் சேவல் கூவிவிடுகிறது. இவையெல்லாம் ஒருநாள் ஒன்றாக ஓய்ந்தபோது அவன் வரவில்லை.

படித்து முடித்ததும் எழுதியவன் சொன்னான்: "இது ஸ்கிரீன்ப்ளே மேம்." உண்மைதான். ஒவ்வொரு தடை விலகும்போதும் நம் மூச்சு இறுகுகிறது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிடு, பதற்றம் தானாக வரும் என்றார் ஹிட்ச்காக். இந்தப் பாடலிலும் அதே உத்திதான். ஆனால் இங்கே குண்டு எங்கே இருக்கிறதென்று முதலில் அறிந்தவள் அந்தப் பெண். எந்த ஓசை எப்போது அடங்கும், யார் எப்போது அயர்வார்கள் என்று இரவை வரி வரியாகப் படித்து வைத்திருக்கிறாள். பரணர் ஆண். ஆனால் பாடலின் காது அவளுடையது.

அதுவரை பேசாதிருந்த ஒளிப்பதிவு மாணவி அப்போது பேசினாள். தாய், காவலர், நாய், நிலவு என்ற இடங்களில் வார்டன், வாட்ச்மேன், கேட்டருகே படுத்திருக்கும் நாய், வராண்டாவில் அணையாத டியூப்லைட் என்று மாற்றிச் சொன்னாள். பிறகு, எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் போல ஒன்றைச் சொன்னாள். "ரோல் கால் எடுக்கும்போது ரூம்மேட் வரலன்னா, நாங்களே ரெண்டு குரல்ல 'பிரசென்ட்' சொல்லிடுவோம் மேம்."

முதல் காட்சி அங்கேயே கிடைத்துவிட்டது.

விடுதி வராண்டா. வார்டனின் குரல் பெயர்களைப் படித்துக்கொண்டே வருகிறது. ஒருத்தி தன் பெயருக்குப் பதில் சொல்கிறாள். இரண்டு பெயர்கள் தள்ளி, குரலை மாற்றி, தோழியின் பெயருக்கும் சொல்கிறாள். வருகைப் பதிவேடு மூடப்படுகிறது. அறைக்கு வந்து தோழியின் எண்ணை அழைக்கிறாள். மெத்தைக்கு அடியில் போன் அதிர்கிறது. தோழி போனை எடுத்துப் போகவே இல்லை.

இரத்தம் இல்லை, அலறல் இல்லை. ஆனால் இனி அவளால் யாரிடமும் போய், தோழியைக் காணோம் என்று சொல்ல முடியாது. பதிவேட்டில் தோழி உள்ளே இருக்கிறாள். பாதுகாப்புக்கென்று சொல்லி நம்மேல் போடப்பட்ட விதி, ஆபத்து நேரும்போது நம் வாயை எப்படி அடைக்கிறது என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. அதுதான் பயம். தெருவின் இருட்டைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். நானும் விடுதியில் படித்தவள்தான்.

இந்தக் காட்சியையும் கெடுத்துவிட முடியும். இரண்டாவது காட்சியில் தோழியைப் பிணமாகக் காட்டினால், சொல்லாமல் வெளியே போனவளுக்குக் கிடைத்த தண்டனை என்று கதை மாறிவிடும். விடுதி விதி வென்றுவிடும். அதனால் முதல் காட்சியைத் திட்டமிடும்போதே மூன்றை எழுதி வைக்கச் சொன்னேன்: காணாமல் போனவளின் பெயர், அவள் எங்கே போனாள், அங்கே போக அவளுக்கிருந்த காரணம். மூன்றும் எழுதியபின் அவள் சாகத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யட்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். சாக வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. கதையை நகர்த்த அவள் உயிரோடு தேவைப்பட்டாள்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. இந்தக் காட்சியை விடுதிக்குள், பெண்களே, 6.30க்குப் பிறகு எடுக்க முடியும். இப்போது உள்ளே வர முடியாதவர்கள் அந்த இருவர்தான். கேமரா அவளிடம் திரும்பி வந்தது.

விடுதியில் படமெடுக்க அனுமதிக் கடிதம் எழுதினோம். காட்சி விவரம் கேட்கப்பட்ட இடத்தில் 'மாணவியர் வருகைப் பதிவு' என்று மட்டும் எழுதினாள் அவள். அதற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. படித்துப் பார்த்தேன். கையெழுத்திட்டேன்.