துப்பாக்கி சமம், கால்தான் வித்தியாசம்

2005 வாக்கில் பெயின்ட்பால் ஆட்டத்தை விட்டு ஒதுங்கிய ஓர் அமெரிக்க ஆட்டக்காரர், பரணில் கிடந்த பையை இறக்கிக்கொண்டு இன்று மைதானத்துக்குப் போனால், முதல் தோல்வி களத்துக்கு வெளியிலேயே காத்திருக்கிறது. காற்று நிரப்பும் இடத்தில் இருப்பவர் டேங்கின் மேலுள்ள தேதியைப் பார்ப்பார்; கையை விரித்துவிடுவார். கார்பன் நார் சுற்றிய டேங்குகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தயாரான நாளிலிருந்து 15 ஆண்டு ஆகிவிட்டால் சோதனைக்கே இடமில்லை. கழித்துக் கட்ட வேண்டியதுதான். துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம். ஆனால் காற்று இல்லாமல் அது வெறும் குழாய்.

சரி, புது டேங்க் வாங்கியாகிவிட்டது. அடுத்து அவர் கவனிப்பது மைதானத்தின் சத்தத்தை. அன்று துப்பாக்கிகள் ஓங்கி வெடித்தன. இன்று அடங்கிய குரலில் சுடுகின்றன. இந்த மாற்றம் வாயுவில் தொடங்கியது. பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கார்பன் டை ஆக்சைடில் ஓடின. அது டேங்குக்குள் திரவமாக இருக்கும். சாதாரண வெப்பநிலையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 850 பி.எஸ்.ஐ. குளிர் நாளில் அழுத்தம் இறங்கிவிடும். தொடர்ந்து சுட்டால் டேங்க் சில்லிட்டு, திரவமே துப்பாக்கிக்குள் ஏறும். காலையில் ஒரு வேகம், மதியம் ஒரு வேகம் என்று குண்டு போனதற்கு அதுவே காரணம். அந்த இடத்தை 3,000 அல்லது 4,500 பி.எஸ்.ஐ.யில் அடைத்த சாதாரணக் காற்று பிடித்துக்கொண்டது. வெளியேறும் அழுத்தத்தை ரெகுலேட்டர் ஒரே சீராக வைத்திருப்பதால், இன்றைய துப்பாக்கிகள் பலவும் 200 பி.எஸ்.ஐ.க்கும் குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்கின்றன. உள்ளே குண்டைத் தள்ளும் போல்ட் மென்மையாக நகர்கிறது. குண்டின் ஜெலட்டின் கூடு குழலுக்குள்ளேயே உடைந்து சாயம் வழியும் பழைய தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது.

குண்டு ஊட்டும் ஹாப்பரும் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு குண்டுகள் தம் எடையால் தாமே விழ வேண்டும். சிக்கிக்கொண்டால் ஆட்டக்காரர் துப்பாக்கியைக் குலுக்க வேண்டும். பிறகு 9 வோல்ட் பேட்டரியில் சுழலும் ரெவல்யூஷன் என்ற ஹாப்பர் வந்தது. அதன்பின் குண்டை அழுத்தித் தள்ளும் ஹேலோ வந்தது. இன்றைய ரோட்டர், ஸ்பயர் போன்றவை நொடிக்கு 20-க்கும் மேற்பட்ட குண்டுகளைத் தரவல்லவை. குண்டு உள்ளே முழுமையாக இறங்கியதா என்பதை அகச்சிவப்புக் கதிர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மின்னணுத் துப்பாக்கி சுடும். ஹாப்பரும் மாஸ்க்கும் முன்னைவிடச் சிறுத்ததற்கும் காரணம் அழகல்ல. உடம்பில் மட்டுமின்றி, கருவியில் குண்டு உடைந்தாலும் ஆட்டம் இழந்தவர்தான். ஒளிவிடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் அங்குலமும் எதிரிக்கு இலக்கு.

இதையெல்லாம் பார்த்தால், புதுக் கருவி வைத்திருப்பவன் பழைய ஆளைச் சல்லடையாக்கிவிடுவான் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. இங்கேதான் விதிப் புத்தகம் உள்ளே நுழைகிறது.

மைதானங்களில் குண்டின் வேக வரம்பு நொடிக்கு 300 அடியை ஒட்டியே பல்லாண்டுகளாக இருக்கிறது. குண்டின் அளவும் பெரும்பாலும் 0.68 அங்குலம்தான். ஆகவே 200 டாலர் துப்பாக்கியும் 1,500 டாலர் துப்பாக்கியும் ஒரே குண்டை ஒரே வேகத்தில்தான் எறிகின்றன. சுடும் எண்ணிக்கையிலோ விதி பின்னோக்கியே நடந்திருக்கிறது. 2000-களில் அமெரிக்காவின் முன்னணித் தொடரான பி.எஸ்.பி. நொடிக்கு 15 குண்டுவரை அனுமதித்தது. அதன் இடத்துக்கு 2015-ல் வந்த என்.எக்ஸ்.எல். தொடரில் வரம்பு 10-ஐ ஒட்டியது. கருவியால் முடியும், விதி விடாது. மட்டைகள் தடித்துக்கொண்டே போனபோது, விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2017-ல் கிரிக்கெட் விதி தடுத்ததைப் போன்றதுதான் இது.

இதன் விளைவு சுவையானது. 1990-களில் கருவியே போட்டியின் ஒரு பகுதியாக இருந்தது. பட் ஓரின் ஆட்டோகாக்கரா, டாம் கேயின் ஆட்டோமேக்கா என்று முகாம் பிரிந்து வாதிட்டார்கள். ஆட்டோகாக்கரின் டைமிங்கைச் சரியாக அமைக்கத் தெரிந்தவருக்கு அணியில் தனி மரியாதை. கருவியை அறிந்தவன் பாதி ஆட்டத்தை வென்றான். இன்று போல்ட்டைப் பின்பக்கமாக உருவி, துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பச் செருகினால் வேலை முடிந்தது. பிளானட் எக்லிப்ஸ் நிறுவனத்தின் எமெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியே இல்லாத எளிய விலைத் துப்பாக்கி அது. ஆனால் அதனுள் ஓடுவது அதே நிறுவனத்தின் மின்னணுத் துப்பாக்கியில் உள்ள போல்ட் அமைப்பு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு. மின்னணுவை விலக்கிவைத்த மெக்கானிக்கல் போட்டிகள் மீண்டும் சூடு பிடித்திருப்பதில், திரும்பி வரும் பழைய தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு.

கருவிகள் இப்படிச் சமமானால் வெற்றியைத் தீர்மானிப்பது எது? இந்த ஆட்டத்தின் முதல் போட்டியே விடை சொல்லியிருக்கிறது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ஷயரின் ஹெனிக்கர் காட்டில் 12 பேர் ஆடினார்கள். மரங்களில் அடையாளமிடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் துப்பாக்கிதான் கையில். வென்றவர் ரிச்சி ஒயிட் என்ற வனத்துறை அனுபவசாலி. காட்டில் வைத்திருந்த கொடிகள் அத்தனையையும் எடுத்தார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. காட்டிலிருந்து காற்றடைத்த பங்கர்கள் நிற்கும் புல்தரைக்கு ஆட்டம் இடம்பெயர்ந்த பிறகும் கணக்கு அதேதான். 2001-ல் உருவான சான் டியாகோ டைனஸ்டி அணியின் புகழ், அதன் ஆட்டக்காரர் ஆலிவர் லேங் போன்றவர்கள் எதிரி எதிர்பாராத நொடியில் முன்னேறி இடம் பிடித்த துணிச்சலால் வந்தது. யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று சக வீரருக்குக் கத்திச் சொல்லும் வாயும் ஆயுதம்தான். 

ஆகவே திரும்பி வருபவர் செலவை வரிசைப்படுத்துவது இப்படி இருக்கட்டும். முதலில் மாஸ்க். பழைய லென்ஸின் பாலிகார்பனேட் நாள்பட்டால் நம்பத்தக்கதல்ல, முகத்தில் படியும் நுரைப்பஞ்சும் உதிரும். கண் விஷயத்தில் சிக்கனம் கூடாது. இரட்டை அடுக்கு லென்ஸில் எளிதில் ஆவி படியாது என்பது கூடுதல் லாபம். குழல்முனையில் செருகும் பழைய பிளக்கைப் பல மைதானங்கள் ஏற்பதில்லை. கயிற்றோடு கூடிய உறை வேண்டும். அடுத்து டேங்க், அதற்கடுத்து ஹாப்பர். பிறகு நல்ல, புதிய குண்டு. ஈரப்பதத்தில் உப்பி, உருண்டை குலைந்த ஜெலட்டின் குண்டை எந்தத் துப்பாக்கியாலும் நேராக அனுப்ப முடியாது. பழைய துப்பாக்கி காற்றில் ஓடக்கூடியதென்றால், காய்ந்த ஓ-ரிங்குகளை மாற்றி, எண்ணெய் விட்டு, வேகத்தை அளந்து பார்த்துவிட்டு அதையே எடுத்துப் போகலாம். புதுத் துப்பாக்கிக்கு வரிசையில் கடைசி இடம்.

மிச்சப் பணத்தையும் நேரத்தையும் முழங்காலுக்கும் மூச்சுக்கும் ஒதுக்குவது நல்லது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். 20 ஆண்டுகளுக்கு முன் தோற்றவர் பழி போட வாயு இருந்தது, சிக்கும் ஹாப்பர் இருந்தது, டைமிங் தப்பிய துப்பாக்கி இருந்தது. தொழில்நுட்பம் அந்தக் கோணல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டது. இனித் தோற்றால், தோற்றது ஆட்டக்காரர்தான்.