திரைக்கு அப்பால் உறங்கும் குழந்தை

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிஸோ 1872ஆம் ஆண்டில் தீட்டிய 'தொட்டில்' என்னும் தைலவண்ண ஓவியத்தைத் தாய்மையின் புகழ்ச்சி எனக் கூறிக் கடந்துவிடுவது திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. அக்கூற்று பொய்யன்று, ஆயினும் ஓவியத்தின் பாதியையே அது கண்டிருக்கிறது என்போம்.

படம் பெரிதன்று; உயரம் 56 செ.மீ., அகலம் ஏறத்தாழ 46 செ.மீ. தொட்டிலருகே அமர்ந்திருப்பவர் ஓவியரின் தமக்கை எட்மா. உறங்குவது அவருடைய மகள் பிளான்ஷ். தாயின் இடக்கை மடங்கி முகத்தைத் தாங்குகிறது. குழந்தையின் கையும் அவ்வாறே மடங்கிக் கிடக்கிறது. தாயின் மற்றொரு கை தொட்டிலின் மெல்லிய வலைத்துணியைப் பற்றி, நமக்கும் குழந்தைக்கும் இடையே இழுத்துவிடுகிறது. மூடிய இமைகள் தெரிகின்றன. அதற்குமேல் காண நமக்கு இசைவில்லை. தாயின் முகத்தைத் தெளிவுறத் தீட்டிய தூரிகை, குழந்தையின் முகத்தைச் சில மங்கலான தீற்றல்களோடு விட்டுவிடுகிறது.

கோவைக் கோட்டைமேட்டு வாசகருக்கு இது புதிதன்று. உத்திரத்தில் கட்டிய சேலைத் தூளியில் பிள்ளை உறங்குகையில், வீட்டுக்குள் வருவோர் காண்பது சேலையின் புடைப்பை மட்டுமே. சேலையை விலக்கி முகத்தை உற்றுப் பார்ப்பவரைப் பெரியவர்கள் கடிந்துகொள்வர். உறங்குபவர் விழிக்கும்வரையிலும் சிறார் பருவமெய்தும்வரையிலும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்தமைந்த நபிமொழியும் ஈண்டு நினைவுக்கு வருகிறது. உறங்கும் குழந்தை இவ்விரு வகையிலும் அடங்கும். (ஓவியருக்கு இந்நபிமொழி தெரிந்திருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை.)

எட்மாவும் ஓவியரே, தங்கையோடு கொரோவிடம் பயின்றவர். 1869இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தபின் தூரிகையைக் கீழே வைத்தார். ஆகவே, தீட்டுவதைத் தொடர்ந்த பெண்ணொருத்தி, அதனைக் கைவிட்ட தன் உடன்பிறந்தாளையே இங்குத் தீட்டியிருக்கிறார். அம்முகத்தில் அன்பு உண்டு, அயர்வும் உண்டு, தொட்டிலுக்கு அப்பாற்பட்ட ஏதோவொரு நினைவும் உண்டு. புகழ்ச்சி என்போர் இதனைக் காண்பதில்லை.

ரவிவர்மா 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அனுப்பிய பத்துப் படங்களுள் ஒன்றான 'அதோ அப்பா வருகிறார்' இதற்கு நேர்மாறானது. ஓவியரின் மகள் மகாபிரபா குழந்தையை இடுப்பில் ஏந்தி, படத்துக்கு வெளியே கைநீட்டிக் காட்டுகிறார். குழந்தை விழித்திருக்கிறது; பார்ப்போர் முன் ஏந்தப்பட்டிருக்கிறது. இந்தியப் பெண்டிரின் வகைவகையான தோற்றத்தை அயலாருக்குக் காட்டும் வரிசையில் அதுவும் ஒன்று. கைத்திறனில் ரவிவர்மா எவருக்கும் குறைந்தவரல்லர். எனினும், காட்டுவதை எங்கே நிறுத்துவது என்று அறிந்த மொரிஸோவின் அடக்கமே நமக்கு உவப்பானது.

1874இல் பாரிசில் நிகழ்ந்த இம்ப்ரெஷனிச ஓவியர்களின் முதற் கண்காட்சியில் 'தொட்டில்' இடம்பெற்றது. வாங்குவார் இல்லாமையால் குடும்பத்தாரிடமே தங்கிவிட்டது. 1930இல்தான் லூவ்ர் அருங்காட்சியகம் அதனை விலைக்குப் பெற்றது. இன்று அது அந்நகரின் ஒர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.