வாசலுக்கு ஒரு பலகை

இயந்திரங்கள் வந்திறங்கும் பேலட்டைப் பிரித்தால் பைன் பலகை கிடைக்கும். பொங்கலுக்கு வாசலில் மாட்ட ஒரு பலகை எழுத அதுவே போதும். தேக்கெல்லாம் வீண் ஆடம்பரம். வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு நச்சுவாயு. தொடவே வேண்டாம்.

120-ஆம் எண் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, 220-ஆல் இன்னொன்று, ரேகை ஓடும் திசையிலேயே. ஆணி ஓட்டைகளை நான் அடைப்பதில்லை. அடைத்தால் கடையில் வாங்கியது போலாகிவிடும்.

சுகமெல்லாம் எழுத்தில்தான். அட்டையில் எழுத்தை வெட்டி, மேலே வண்ணம் ஒற்றுவது ஆங்கிலப் பலகைகளில் வழக்கம். நமக்கு அது லேசில் சரிப்படாது. ‘பொங்கல்’ என்று வெட்டிப் பாருங்கள்: கொம்பின் சுழி விழும், ககரத்தின் வயிறு கழன்றுவரும். இடையிடையே இணைப்பு விட்டு வெட்டலாம்தான். எழுத்துக்கு மாவுக்கட்டுப் போட்டது போலிருக்கும். கைதான் நல்லது. பலகைக்குக் கரும்பச்சை பூசிக் காயவையுங்கள். தாளில் பெரிதாக எழுதி, பின்புறம் சாக்பீஸைத் தேய்த்து, பலகைமேல் வைத்துப் பென்சிலால் அழுத்தி வரைந்தால் வெள்ளைக் கோடு இறங்கும். அதன்மேல் அக்ரிலிக். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மட்டும் தூரிகை வேண்டாம். பென்சிலின் பின்முனையை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் அச்சு வட்டம்.

என் பலகையின் மறுபுறம் கார்த்திகைக்கு. ஒரே ஓர் அகல்விளக்கு, எழுத்தில்லை. சணல் கயிற்றில்தான் தொங்குகிறது. திருப்பி மாட்டினால் ஆயிற்று.