கிளப் யார் வீட்டுச் சொத்து?

ஸ்டெஃபான் சிமான்ஸ்கி பொருளாதாரப் பேராசிரியர். பத்திரிகையாளர் சைமன் கூப்பருடன் சேர்ந்து அவர் எழுதி 2009-ல் வந்த 'சாக்கர்னாமிக்ஸ்', கால்பந்து பற்றிய பல நம்பிக்கைகளைப் போட்டு உடைக்கிறது. ஆட்டத்தைவிடக் கணக்கு சுவாரஸ்யம் என்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம்.

1978-லிருந்து 1997 வரை 40 இங்கிலாந்து கிளப்புகளின் வரவு செலவைப் புரட்டியிருக்கிறார்கள். ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கக் கொட்டிய பணம், லீகில் கிடைத்த இடத்தை 16 சதவிகிதம்தான் விளக்குகிறது. சம்பளமோ 92 சதவிகிதம்! காசுக்கேத்த பணியாரம்.

இன்னொரு தகவல். கிளப்புகள் வியாபாரத்துக்கு லாயக்கில்லை, ஆனால் சாவதும் இல்லை. 1923-ல் லீகில் இருந்த 88-ல் 85 கிளப்புகள் 2008-லும் உயிரோடு இருந்தன. கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடிக்கத் தயங்குவார்கள். மிஞ்சிப்போனால் கம்பெனியை மூடிவிட்டு, அதே பெயரில் புதுசாக ஒன்று ஆரம்பித்துவிடலாம்.

எல்லாம் சரி சார். யாருக்காக உயிரோடு இருக்கிறது? என் குறை இங்கேதான்.

2002 மே மாதம் விம்பிள்டன் கிளப்பை 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக மூன்று பேர் கமிஷன் அனுமதி கொடுத்தது. ஏட்டுக் கணக்கில் கிளப் சாகவில்லை, விலாசம்தான் மாறியது. உள்ளூர் ரசிகர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். சில வாரங்களுக்குள் ஊர்ப் பொது மைதானத்தில் ஆள் தேர்வு நடத்தி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது படியில் தொடங்கி, 2011-ல் லீகுக்குள் நுழைந்து, 2020-ல் தங்கள் பழைய ப்ளவ் லேனுக்கே திரும்பிவிட்டார்கள். இதற்கு எந்த வரைபடத்தில் இடம் கொடுப்பது?

அதற்காக ரசிகர் கையில் கொடுத்தால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. 2013-ல் திவால் நிலையில் இருந்த போர்ட்ஸ்மத்தை ரசிகர்கள் பணம் போட்டு மீட்டார்கள். 2017-ல் அவர்களே ஓட்டுப் போட்டு, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். மேலே போக சம்பளம் வேண்டுமே! இங்கே பேராசிரியர்தான் ஜெயிக்கிறார்.

ஆனால் 1894-லிருந்து லீகில் இருந்த பரி கிளப் 2019-ல் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டது. டிக்கெட் வாங்கினவனை யாரும் கேட்கவில்லை. கணக்குக்கு ஒரு கிளப் நஷ்டம், அந்த ஊருக்குச் சனிக்கிழமையே நஷ்டம்.

ஜூலை 2025-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. சொந்தத்தை ரசிகருக்கு மாற்றித் தரவில்லை. ஆனால் மைதானத்தை விற்கவோ ஊர் மாறவோ தனி அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும்; சின்னத்தை மாற்ற ரசிகர் சம்மதம் வேண்டும்.

விம்பிள்டன்காரர்களுக்கு இது 23 வருஷம் லேட்.