எந்த ஆண்டின் பெயின்ட்?

அமெரிக்காவின் 66ஆம் எண் நெடுஞ்சாலையில், இல்லினாய் மாநிலத்து டுவைட் என்ற சிற்றூரில், 1933இல் கட்டிய ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. வீடு போன்ற முகப்பு. 1999 வரை பெட்ரோல் விற்ற இடம். இன்று அது சீராக்கப்பட்டு, பயணிகள் தகவல் மையம். டெக்ஸாஸின் ஷாம்ராக்கில் 1936இல் எழுந்த கோபுர பங்க்கையும் இப்படித்தான் மீட்டார்கள். 2006இல் வந்த 'கார்ஸ்' படத்தில் அதன் சாயலில் ஒரு கட்டடம் வருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதிலென்ன தப்பு என்று கேட்கலாம். 1926இல் பிறந்து, அகலச் சாலைகள் வந்தபின் 1985இல் அரசு ஏட்டிலிருந்தே நீக்கப்பட்ட சாலை அது. அதை நம்பிப் பிழைத்த சின்ன ஊர்கள் செத்துப்போயின. இடிந்த பங்க்குக்குச் சுண்ணாம்படித்தாவது நாலு பேரை வரவழைக்க அந்த ஊர்க்காரர்கள் நினைப்பதை நம்மால் பரிகசிக்க முடியாது.

ஆனால் ஒரு கட்டடத்தை மீட்பது என்பது அதை வாசிப்பதும்தான். எந்த ஆண்டின் பெயின்ட்டை அடிப்பது என்று முடிவு செய்கிறபோதே, எந்த ஆண்டின் எந்த மனிதர்கள் வேண்டாம் என்பதும் சத்தமில்லாமல் முடிவாகிவிடுகிறது. கம்பெனிச் சின்னம் திரும்ப வருகிறது, பழைய பம்ப் வருகிறது. அந்தப் பம்ப்பின் முன்னால் யார் வண்டியை நிறுத்த முடிந்தது, யாருக்குக் கழிப்பறைச் சாவி கொடுத்தார்கள் என்ற கேள்விகள் மட்டும் வருவதில்லை.

ஷாம்ராக் கோபுரம் எழுந்த அதே 1936இல்தான் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் நியூயார்க்கில் ஒரு கையேட்டை வெளியிட்டார். கறுப்பர்கள் எங்கே அவமானப்படாமல் தங்கலாம், சாப்பிடலாம், பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். முப்பது வருஷம் அது தேவைப்பட்டது. ஓக்லஹோமாவில் இதே சாலையிலுள்ள எட்மண்டில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்பதை ஓர் உணவு விடுதி அஞ்சலட்டையிலேயே அச்சடித்துப் பெருமையடித்துக்கொண்டது. 'சுதந்திரத்தின் சாலை' என்ற கதையாடலுக்கு அடியில் கிடக்கும் பிரதி இது.

எட்மண்டுக்குக் கிழக்கே, லூதர் என்ற ஊருக்கு அருகில், த்ரெட் குடும்பத்தின் பங்க். அந்தக் கறுப்பினக் குடும்பம் தங்கள் சொந்தக் குவாரியில் வெட்டிய மணற்கல்லால், சுமார் 1915இல் கட்டியது. சாலைக்கு 66 என்று எண் விழுவதற்கு முன்பே அது அங்கே நின்றது. சுற்றிலும் அவர்களுடைய நிலம். விளைந்ததை விற்றார்கள், பேஸ்பால் மைதானம் வைத்திருந்தார்கள். நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் இந்தச் சாலையில் கறுப்பர்கள் சொந்தமாக நடத்தியதாக அறியப்படும் ஒரே பங்க் இதுதான் என்கிறார்கள். ராத்திரியில் ஓக்லஹோமாவைக் கடக்கிற கறுப்புக் குடும்பத்துக்கு அந்த வெளிச்சம் என்னவாக இருந்திருக்கும்! பெட்ரோலைவிட, பயமில்லாமல் கீழே இறங்கிக் காலை நீட்ட முடிந்ததுதான் பெரிய விஷயம்.

எட் ருஷே 1963இல் வெளியிட்ட புகைப்பட நூல் நினைவுக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஓக்லஹோமா சிட்டிக்கும் இடைப்பட்ட 26 பங்க்குகள். பெரும்பாலும் ஆளரவமற்ற படங்கள். கலை விமர்சகர்கள் அந்த வெறுமையைக் கொண்டாடினார்கள். ஓக்லஹோமா சிட்டியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் லூதர். புத்தகத்தின் பாதை அதற்குள் முடிந்துவிடுகிறது. ருஷேயைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் தன் சொந்த ஊருக்குப் போய்வந்த பாதை அது. ஆனால் வெறுமையை ரசிப்பதற்கும் வண்டி நிறுத்த ஓர் இடம் வேண்டுமே.

த்ரெட் பங்க் 1995இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. ஏறி என்ன? 2021இல் அழியும் ஆபத்திலிருக்கும் பதினோரு இடங்களின் பட்டியலிலும் அதன் பெயர் வந்தது. பதிவேடு கூரையைத் தாங்காது. பங்க் என்றால் இன்னொரு செலவும் உண்டு: மண்ணுக்குள் புதைத்த டாங்க்குகள். கசிந்திருந்தால் முதலில் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யவேண்டும். பெயின்ட் எல்லாம் அப்புறம்தான். இந்த வேலையை அந்தக் குடும்பத்தின் வாரிசுகளே கையிலெடுத்திருக்கிறார்கள். தாத்தா வெட்டிய கல் எது, பின்னால் பூசியது எது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.