இரைப்பையின் ‘கீழ்த்துளை’: ஒரு கலைச்சொல் குறித்த மறுபார்வை

முன்னுரை

இரைப்பை முன்சிறுகுடலோடு இணையும் வாயைக் ‘கீழ்த்துளை’ என விளக்கப்பெயராலும் ‘பைலோரஸ்’ என ஒலிபெயர்ப்பாலும் தமிழில் சுட்டலாம். முன்னது பிழையான படத்தைத் தருகிறது. பின்னது எந்தப் படத்தையும் தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இடமும் செயலும்

படுத்த நிலையில் இவ்வாய் முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், உடலின் நடுக்கோட்டிற்குச் சற்று வலப்புறம் அமைகிறது. நிற்கையில், நிறைந்த இரைப்பையின் பெருவளைவு இதனினும் தாழ்ந்து தொங்கக்கூடும். ஆகவே, உணவுப் பாதையின் வரிசையில் இஃது இரைப்பையின் இறுதி. அதன் அடித்தளம் அன்று.

வெறும் துளையும் அன்று. இங்கே வட்டத்தசை தடித்துச் சுருக்குத்தசையாகிறது. இரைப்பையின் அசைவலைகள் உணவுக்கூழை இதனை நோக்கி உந்துகின்றன. ஏறத்தாழ 2 மி.மீ.க்கு உட்பட்ட துகள்கள் சிறிது சிறிதாகக் கடக்கின்றன. பெரியவை மீண்டும் அரைபடப் பின்தள்ளப்படுகின்றன. முன்சிறுகுடலில் அமிலமோ கொழுப்போ மிகுந்தால், நரம்புகளும் இயக்குநீர்களும் இவ்வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன.

சொல்லாய்வு

பைலோரஸ் என்பதன் கிரேக்க மூலம் வாயிற்காவலனைக் குறிப்பது. அதனை நேராகப் பெயர்த்தால் அதிகாரம் முழுவதும் ஒரு தசையைச் சேர்ந்ததாகிவிடும். உண்மையில் இரைப்பையும் குடலும் சேர்ந்தே அளவை முடிவுசெய்கின்றன. விருதுநகர் மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் இதற்கு நெருங்கிய சொல் உண்டு: மடை. வயலின் தேவைக்கேற்பவே மடை திறக்கப்படும். எனவே ‘இரைப்பை மடைவாய்’ என்னும் சொல் பரிசீலிக்கத்தக்கது. மடைநீர் பள்ளம் நோக்கித் தானே பாயும், உணவுக்கூழோ தசையால் உந்தப்படும் என்ற வேறுபாட்டை ஆசிரியர் உடன் விளக்க வேண்டும்.

பயன்பாடு

பிறந்த சில வாரங்களில் சிசுக்கள் சிலருக்கு இத்தசை மிகைத் தடிப்புற்று, பால் பீறிட்டு வாந்தியாகிறது. ‘அடைப்பு’ என்று மட்டும் கேட்கும் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பம், குழந்தை எதையோ விழுங்கிவிட்டதென அஞ்சக்கூடும். ‘மடைத்தசை தடித்துவிட்டது’ என்றால், தசையைக் கீறிவிடும் அறுவைக்கு ஏன் கையொப்பம் கேட்கப்படுகிறது என்பது விளங்கும்.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884) மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின்வழி அரசுப் பள்ளி மாணவர்களும் மருத்துவம் பயில்கின்றனர். நோயாளியிடம் அவர்கள் பேசவேண்டிய மொழி தமிழே. கலைச்சொல்லின் தகுதியை அகராதியில் மட்டுமன்றி, நோயாளியின் படுக்கையருகிலும் சோதித்தல் வேண்டும்.